கையை எறிந்து கடகத்தைப் பேணிய கதை: நீலமணிக் கோவையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

எகிப்தின் அபைடொஸ் பாலைநிலத்தில், முதலாம் அரச வம்சத்தைச் சேர்ந்த ஜெர் என்னும் மன்னனின் கல்லறையை 1900–1901ஆம் ஆண்டுப் பருவத்தில் பிளின்டர்ஸ் பீற்றி அகழ்ந்தார். ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழைமை வாய்ந்த அக்கல்லறை பண்டைக் காலத்திலேயே கொள்ளையிடப்பட்டது, தீக்கிரையானது, பின்னர் ஒசிரிஸ் கடவுளின் சமாதியெனக் கொள்ளப்பட்டு நூற்றாண்டுகளாக யாத்திரிகரை ஈர்த்தது. பீற்றிக்குச் சில ஆண்டுகள் முன்னர் பிரெஞ்சுக்காரரான அமெலினோவும் அதனைக் கிளறிச் சென்றிருந்தார். இத்தனை பேர் கைபட்ட இடத்திலே, வடக்குச் சுவரின் உடைந்த பொந்தொன்றில், துணி சுற்றிய மனிதக் கையின் துண்டொன்று எவர் கண்ணிலும் படாமற் கிடந்தது.

அதனை முதலிற் கண்டவர்கள் நான்கு தொழிலாளர். துணியின் ஓரத்தினூடே பெரிய பொன்மணியொன்று தெரிந்தது. அவர்கள் அதனைப் பிரித்துப் பார்க்கவில்லை. பீற்றியின் உதவியாளரான மேஸ் வரும்வரை கண்ட இடத்திலேயே வைத்துக் காத்திருந்தனர். அன்று மாலை, அந்நால்வருள் ஒருவர் சாட்சியாக இருக்க, துணி வெட்டித் திறக்கப்பட்டது. கையில் நான்கு கடகங்கள் இருந்தன. பொன், பசுநீல நிறத்துப் பெரோசாக் கல், செவ்வந்திக் கல், இவற்றோடு ஆழ்ந்த நீல நிறத்து லாபிஸ் லசூலி மணிகள். மணிகள் எந்த ஒழுங்கிற் கோக்கப்பட்டிருந்தன என்பதைப் பீற்றியும் அவர் மனைவியும் மேசும் ஓரிரு மணி நேரம் செலவிட்டுக் குறித்துக்கொண்டனர். அதன்பின் பொன்னைத் தராசிலிட்டு, பிரித்தானியப் பொன் நாணயங்களோடு நிறுத்து, அப்பெறுமதிக்குச் சற்றுக் கூடுதலாகவே தொழிலாளருக்குக் கொடுத்தார் பீற்றி. கண்டெடுத்ததற்கு உரிய விலையைக் கொடுத்தாலன்றிப் பொருள்கள் களவாய்ப் போகும் என்பது அவர் கண்ட நடைமுறை உண்மை.

கடகங்கள் கெய்ரோ அரும்பொருளகத்துக்குப் போயின. அங்கு நிகழ்ந்ததைப் பீற்றி தம் முதுமையில் எழுதிய தன்வரலாற்றிற் கசப்போடு பதிவு செய்துள்ளார். அரும்பொருளகப் பொறுப்பிலிருந்த எமில் புருக்ஷ் காட்சிக்கு அழகானவற்றையே பொருட்படுத்தினாராம். பொன் கம்பியும் மயிரும் சேர்த்துப் பின்னப்பட்டிருந்த ஒரு கடகத்தின் பாதியை வெட்டி நீக்கினார். கையையும் அதைச் சுற்றியிருந்த துணியையும் வீசியெறிந்தார். கடகங்கள் எஞ்சின.

அக்கை எவருடையது? அரசியினுடையது எனப் பீற்றி கருதினார். மன்னனுடையதாகவும் இருக்கலாம். ஜெர் மன்னனின் கல்லறையைச் சூழ 300க்கு மேற்பட்ட துணைப் புதைகுழிகள் உள்ளன. அரசனோடு புதைக்கப்பட்ட ஏவலாளரும் பணிப்பெண்டிரும் அவற்றிற் கிடந்தனர். எலும்பு கையிலிருந்தால் ஆணோ பெண்ணோ, இளமையோ முதுமையோ, உழைத்த கையோ உழையாத கையோ என்று கேட்க வழியுண்டு. இன்று வழியில்லை. நீலமணிக் கோவையைப் பேணுதல் என்பதைப் பற்றி எழுதப் புகும்போது நாம் இந்தக் கையிலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது. ஏனெனில் அணிகலன்களின் வரலாறு என எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி, கையை எறிந்து கடகத்தை மட்டும் வைத்துக்கொண்ட வரலாறாகவே இருந்து வந்துள்ளது.

கல்லும் பெயரும்

முதலிற் பெயர்க்குழப்பமொன்றைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். நீலக்கல் என்றவுடன் ஈழத்தவராகிய நம் நினைவுக்கு வருவது இரத்தினபுரிக் குழிகளிலிருந்து எடுக்கப்படும் இந்திரநீலமே. ஐரோப்பியர் அதனைச் சபையர் என்பர். ஆனால் அச்சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லைத் தியோபிராஸ்டஸ் கையாண்டபோது, அது பொற்புள்ளிகள் நிறைந்த கல்லென்றே குறித்தார். உரோமரான பிளினியும் அவ்வாறே சொல்வார். இந்திரநீலத்திற் பொற்புள்ளி இல்லை. அவர்கள் கண்டது லாபிஸ் லசூலி. ஒரு கல்லின் பெயர் பின்னாளில் வேறொரு கல்லுக்குப் போய்விட்டது. வடமொழியில் இராஜாவர்த்தம் எனப்படுவதும், பாரசீகத்தில் லாஜ்வர்த் எனப்படுவதும் இதுவே. ஐரோப்பிய மொழிகளில் வான்நீலத்தைக் குறிக்கும் சொற்கள் பல இப்பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தவை.

நம் பண்டை இலக்கியங்களில் மணி என்னும் சொல் அடையின்றி வரும் இடங்கள் பலவற்றில் உரையாசிரியர் நீலமணி எனப் பொருள் கூறுவதும், அதே சொல் துளையிட்டுக் கோக்கப்படும் உருண்டையையும் குறிப்பதும் மனங்கொள்ளத்தக்கன. கல்லின் பெயரும் அக்கல்லிற் செய்த பொருளின் பெயரும் ஒன்றாகிவிட்டன. ஆனால் கல் மணியாவதற்கு இடையிலே தொழில் ஒன்று உண்டு. சொல் அதனை மறைத்துவிடுகிறது. பண்டத்தின் பளபளப்பினுள் உழைப்பு மறைந்துபோவதை மார்க்ஸ் 1867இல் எடுத்துக்காட்டியது முதலாளித்துவப் பண்டத்தைப் பற்றியே எனினும், அணிமணிகளை நோக்குமிடத்து அதன் முன்வரலாறு மிக நீண்டது என்றே தோன்றுகிறது.

லாபிஸ் லசூலி தனிக்கனிமம் அன்று. பல கனிமங்கள் சேர்ந்த பாறை. நீல நிறம் தருவது லசூரைற்று. அந்நிறத்துக்குக் காரணம் அதனுள் அடைபட்ட கந்தகம். வெண்ணிற வரிகளாய்த் தெரிவது கல்சைற்று. பொற்புள்ளிகள் பொன்னல்ல, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று. இம்மூன்றின் இயல்பும் வேறுவேறானவை. இக்கல்லை எவ்வாறு பேணுவது என்பது இவ்வேறுபாட்டிலேதான் தங்கியுள்ளது. அதனைப் பின்னர் நோக்குவோம்.

மலையும் நெருப்பும்

பண்டை உலகில் இக்கல்லின் தலையாய பிறப்பிடம் இன்றைய ஆப்கானிஸ்தானின் வடகிழக்கிலுள்ள படக்ஷான். கொக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், சர்-இ-சங் என்னும் இடத்தில் அச்சுரங்கங்கள் உள்ளன. வேறு ஊற்றுகளும் இருந்திருக்கலாம் என்ற வாதம் ஆய்வாளரிடையே உண்டு. ஆயினும் மேற்காசியாவிலும் எகிப்திலும் கிடைத்த பண்டை மணிகளின் பெரும்பகுதி படக்ஷானிலிருந்தே வந்தது என்பதே வலுவான கருத்து. அங்கிருந்து அபைடொஸ் நேர்கோட்டிலேயே 3,500 கிலோமீற்றருக்கு மேல். மலையும் பாலையும் சுற்றி நடந்தவர்களின் வழி இன்னும் நெடியது.

13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இம்மலையின் நீலத்தைக் குறிப்பிட்டார். ஆனால் அங்கு தொழில் நடக்கும் முறையை விரிவாக எழுதியவர் 1838இல் அப்பள்ளத்தாக்குக்குச் சென்ற ஜோன் வூட் என்ற கடற்படை அலுவலர். ஒக்சஸ் நதியின் மூலத்தைத் தேடிச் சென்றவர் அவர். பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் கண்ணோடு சென்றவர் என்பதிலும் ஐயமில்லை. எனினும் கண்டதைக் கண்டபடி எழுதும் பண்பு அவரிடம் இருந்தது. வெட்டவேண்டிய பாறையின் கீழே உலர்ந்த பற்றைகளைக் கொண்டு தீமூட்டுவர். சுவாலை பாறை முகத்தை நக்கும்படி செய்வர். பாறை இளகியதும் சம்மட்டியால் அடித்துச் செதில் செதிலாகப் பெயர்ப்பர். நீலம் தென்பட்டதும் அதைச் சுற்றி ஆழமாகப் பள்ளம் தோண்டி, அலவாங்கை இறக்கி, தாய்ப்பாறையோடு நெம்பி எடுப்பர். சுரங்கத்தின் சுவர்கள் புகைக்கரி படிந்து கறுத்திருந்தன. மேற்கூரையிலிருந்து பாறை விழும் அபாயம் எந்நேரமும் இருந்தது.

அத்தொழிலாளர் கல்லை மூன்று தரமாகப் பிரித்தனர் என்றும் வூட் கூறுகிறார். கருநீலமானது நீலி, வான்நிறத்தது அஸ்மானி, பச்சை கலந்தது சப்ஸி. நீலி என்ற சொல்லைத் தமிழ் வாசகர் எளிதில் இனங்காண்பர். உலகத்து அரும்பொருளகங்களிற் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் நீலத்துக்கு அதனை வெட்டியவர்கள் வைத்த பெயர்கள் இவை. தரம் பிரித்தவன் கல்லை அறிந்தவன். ஆனால் அவனது அறிவு எந்நூலிலும் ஏறவில்லை. வழிப்போக்கன் ஒருவனின் பயணக்குறிப்பில் மூன்று சொற்களாய் மட்டும் எஞ்சிற்று.

துளையிட்டவர்கள்

மணியின் வரலாற்றை அறியவேண்டின் அதன் மேற்பரப்பை அன்று, துளையை நோக்கவேண்டும். மேற்பரப்பு மெருகேறித் தடயங்களை அழித்துவிடுகிறது. துளை அழிப்பதில்லை. பண்டை மணிகள் பலவற்றில் இரு முனைகளிலிருந்தும் துளையிட்டு நடுவிற் சந்திக்கச் செய்திருப்பர். சந்திப்பு எப்போதும் நேராக அமைவதில்லை. சற்று விலகியிருக்கும். அந்த விலகல் செய்தவனின் கையெழுத்துப் போன்றது.

பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்திலுள்ள மெஹ்ர்கார் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பை ஜான்-பிரான்சுவா ஜரீஜ் தலைமையிலான குழு 1974 முதல் அகழ்ந்தது. கி.மு. 7000 அளவில் தொடங்கும் அவ்வூரின் பண்டைப் புதைகுழிகளிலேயே, கடற்சிப்பியோடும் பெரோசாவோடும் லாபிஸ் மணிகள் இருந்தன. நகரம் இல்லை, அரசு இல்லை, எழுத்து இல்லை. ஆனால் மலைக்கல் வந்துவிட்டது. இவ்வூரைப் பற்றி வியப்பான செய்தியொன்று 2006இல் வெளியாயிற்று. ஒன்பது பேரின் 11 கடைவாய்ப் பற்களில், உயிரோடிருந்தபோதே, கற்கருவியால் துளையிடப்பட்டிருந்தது. மணிக்குத் துளையிடும் திறன் பல்லுக்குத் துளையிடவும் உதவியிருக்கும் என்பது அவ்வாய்வாளர் ஊகம். தொழிலாளி ஒருவனின் தேர்ச்சி அணியிலிருந்து மருத்துவத்துக்குத் தாவியதாயின், தொழில்நுட்ப வரலாற்றில் அதற்குரிய இடம் அரசர்களின் போர்களிலும் பெரிது.

ஈரானின் சீஸ்தான் பகுதியிலுள்ள ஷஹ்ர்-இ-சொக்தாவில் மௌரிசியோ தோசி 1967 முதல் 1978 வரை நடாத்திய அகழ்வில் வெளிப்பட்டது இன்னும் தெளிவானது. அங்கே லாபிஸ் செதுக்கிய கழிவுகளும், பாதி முடிந்த மணிகளும், தீக்கல் அலகுகளும் துளைமுனைகளும் குவியலாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு தொழிலின் படிமுறையை மீளமைக்க முடிந்தது. கட்டியைத் தீக்கல் அலகாற் கீறிப் பள்ளம் செய்து ஒடித்தனர். ஒடித்த துண்டைச் செதுக்கி உருவாக்கினர். மணற்கல்லில் உராய்ந்து வழுவழுப்பாக்கினர். பின் துளையிட்டு மெருகிட்டனர். துளையிடும்போது உடைந்த மணிகள் ஏராளம். உடைந்த ஒவ்வொரு மணியும் வீணான ஓர் உழைப்புப் பொழுது. அங்கிருந்த கல்லறையொன்றில், மணிசெய்வோன் ஒருவனை அவனது கருவிகளோடு புதைத்திருந்ததையும் அகழ்ந்தோர் கண்டனர். நீலமணி அணிந்தோரின் கல்லறைகள் ஆயிரம் உள. அதைச் செய்தவனை இனங்காட்டும் கல்லறை ஒன்று கிடைத்தமை பெரும்பேறு.

கல்லுக்குத் தானியம்

மெசப்பொத்தேமியாவின் சமவெளியிற் கல் இல்லை. வண்டலும் நீரும் தானியமுமே உண்டு. சுமேரியரின் என்மெர்கார் காப்பியம் இவ்விடயத்தை வெளிப்படையாகவே பேசுகிறது. உருக் நகரின் தலைவன், தொலைமலை நாடான அரத்தாவிடம் பொன்னும் வெள்ளியும் லாபிசும் கைவினைஞரும் கேட்கிறான். அரத்தா மறுக்கிறது. அங்கே வரட்சி, மக்கள் பசியால் வாடுகின்றனர். கழுதைகளின் முதுகிலே தானியம் மலையேறுகிறது. காப்பியம் இதைத் தெய்வத்தின் அருளாகவும் தலைவனின் மதியாகவும் பாடும். நாம் வேறு விதமாக வாசிக்கலாம். வயலில் உபரியை வைத்திருப்போன், மலையிற் பசித்திருப்போனிடம் கல்லை வாங்குகிறான். கல்லை மட்டுமன்றிக் கல்வினை அறிந்த மனிதரையும் கேட்கிறான் என்பதை இரண்டாம் முறை படிக்கையிலேயே நாம் கவனித்தோம்.

உணவு உபரியே முழுநேரக் கைவினைஞரைத் தாங்கிற்று என கோர்டன் சைல்ட் 1936இல் எழுதினார். அவர் கூற்று பொதுவாகச் சரியே. எனினும் மெஹ்ர்காரின் சான்று அதற்கு ஒரு திருத்தம் சேர்க்கிறது. நீலமணி நகரத்தோடு பிறக்கவில்லை. வர்க்கங்கள் தெளிவாகப் பிரியுமுன்னரே அது கைமாறிக்கொண்டிருந்தது. நகரமும் அரசும் செய்தது அதனை ஒரு சிலரின் கழுத்திலும் கையிலும் குவித்ததே. ஹறப்பா மக்கள் ஒக்சஸ் நதிக்கரைப் பக்கமாக ஷொர்துகாயில் ஒரு குடியேற்றத்தையே அமைத்தனர். 1975ஆம் ஆண்டளவில் அது கண்டறியப்பட்டு பிரெஞ்சு அறிஞர் பிராங்போர் குழுவினரால் அகழப்பட்டது. ஆயினும் ஹறப்பா நகரங்களிலே லாபிஸ் மிகக் குறைவு. கார்னீலியனையும் மாக்கல்லையுமே அவர்கள் விரும்பி அணிந்தனர். ஆசை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. எகிப்திலும் முதலாம் வம்சத்துக்குப் பின் நெடுங்காலம் இக்கல் அருகி, நான்காம் வம்சத்திலேயே மீண்டும் பெருகுகிறது. வழியில் எங்கோ ஏதோ அறுந்து, பின் மீண்டும் பொருந்தியிருக்கவேண்டும்.

குவிப்பின் உச்சத்தைக் காட்டுவது ஊர் என்னும் சுமேரிய நகரத்தின் அரச இடுகாடு. கி.மு. 2600–2500 அளவினதான அதனை லெனாட் வூலி அகழ்ந்தார். சுமார் 1,800 புதைகுழிகளில் 16 மட்டுமே அரச கல்லறைகள் என அவர் கொண்டார். அவற்றுள் ஒன்றான பெரும் மரணக்குழியில் 74 பேர் வரிசையாகக் கிடந்தனர். 68 பேர் பெண்கள். பலர் பொன்னிலையும் லாபிசும் கார்னீலியனும் கோத்த மாலைகளை அணிந்திருந்தனர். அவை அவர்களுக்கு உடைமையா, சீருடையா? பிந்தியதே என நாம் கருதுகிறோம்.

அற்றுப்போகும் நூல்

மணிக்கோவையில் முதலில் அழிவது நூல். கல் 5,000 ஆண்டு நிற்கும். பருத்தியோ சணலோ மயிரோ நிற்காது. நூல் அற்றதும் ஒழுங்கு சிதறுகிறது. சிதறிய மணிகளை அள்ளி எடுத்தவன் தன் விருப்பப்படி கோக்கிறான். இவ்வாறு கோத்தவை பல அரும்பொருளகங்களில் உள.

வூலி இவ்வபாயத்தை நன்கறிந்தவர். 1922இல் முதற் பருவத்திலேயே பொன்மணிகள் வெளிப்பட்டன. தொழிலாளர் இன்னும் நுண்ணிய வேலைக்குப் பழகவில்லை என்பதனால், இடுகாட்டை மேலும் தோண்டாமல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். அகழ்ந்தபோது உருகிய மெழுகை ஊற்றி, துணியை ஒட்டி, மணிகள் கிடந்த ஒழுங்கு குலையாமல் மண்ணோடு சேர்த்துத் தூக்கினார். இத்தனை கவனத்துக்குப் பின்னும் தவறு நேர்ந்தது. பூஆபி என்னும் அரசியின் கல்லறையிற் கிடைத்த ஆயிரக்கணக்கான சிறு லாபிஸ் மணிகளையும் பொற்பதக்கங்களையும் ஒரே மணிமுடிப்பட்டியாக அவர் மீளமைத்தார். அது ஒரே அணி அன்று, பல தனித்தனிக் கோவைகள் என்பதைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தின் பிற்கால ஆய்வு காட்டியது. அறுபது, எழுபது ஆண்டுகளாக உலகம் வியந்த ஓர் அணி, மணி கோத்த மேசையொன்றிற் பிறந்தது.

தமிழில் இழையையும் ஏட்டையும் நூல் என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். நன்னூலின் பாயிரமே இரண்டையும் ஒப்பிட்டு விளக்கும். கோவை என்பதும் அவ்வாறே; மணிகளின் வரிசைக்கும் செய்யுள்களின் வரிசைக்கும் ஒரே பெயர். இழை அறுந்த மணிகளைக் கொண்டு எந்தக் கதையையும் கோத்துவிடலாம் என்பதை நம் மொழி முன்னரே அறிந்திருந்தது போலும்.

வூலி மெழுகிட்டு எடுத்தவற்றில் இரண்டு மண்டையோடுகளும் இருந்தன. மண்ணின் சுமையால் தட்டையாக நசுங்கியவை. ஒன்று பெரும் மரணக்குழியைச் சேர்ந்த இளம்பெண்ணுடையது. மற்றையது வேறொரு கல்லறையிற் காவல் நின்ற வீரனுடையது. தலையணிகளையும் தலைக்கவசத்தையும் காப்பதற்காகவே எலும்பும் சேர்த்து எடுக்கப்பட்டது. அணிகளை விட எலும்பை எவரும் மதிக்கவில்லை. ஆயினும் அது எறியப்படவில்லை. அம்மனிதர் தம் அரசியின் பின்னே மறுவுலகம் செல்லத் தாமாகவே நஞ்சருந்தி அமைதியாகப் படுத்தனர் என்று வூலி எழுதினார். அக்கதை உலகெங்கும் பரவியது. 2011இல் வெளியான ஆய்வொன்றுக்காக அம்மண்டையோடுகள் ஊடுகதிர்க் கணினிப் படப்பிடிப்புக்கு உட்படுத்தப்பட்டன. கூர்முனையுள்ள ஆயுதத்தால் தலையில் அடித்த துளைகள் தெரிந்தன. அவர்கள் உறங்கவில்லை, கொல்லப்பட்டனர்.

இரு அரும்பொருளகங்களில் நிகழ்ந்தவற்றை ஒப்பிடுக. ஓரிடத்தில் எலும்பு எஞ்சியதால், 80 ஆண்டுகளுக்குப் பின் பணிப்பெண்ணொருத்தியின் சாவு பற்றிய அழகிய பொய் கலைந்தது. மற்றோரிடத்தில் எலும்பு எறியப்பட்டதால் கேள்வியே இறந்தது. இரு இடத்திலும் நீலமணிகள் பத்திரமாகவே உள்ளன.

மலையின் நீலமும் சூளையின் நீலமும்

அரியதொன்று உயர்குடியின் அடையாளமாகும்போது அதன் போலியும் பிறந்துவிடும். எகிப்தியர் மணலும் சுண்ணமும் செம்பும் சேர்த்துச் சூளையிற் சுட்டு நீலமொன்றை ஆக்கினர். மனிதன் செய்த ஆதிச் செயற்கை நிறங்களுள் ஒன்று அது. அக்காதிய மொழியில் உக்னு என்றால் லாபிஸ். அவ்வெழுத்தாவணங்கள் மலையின் உக்னு, சூளையின் உக்னு என இரண்டையும் பிரித்துக் கணக்கெழுதுகின்றன. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அரசர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய கடிதங்களிலும் உண்மையான லாபிஸ் என்று அழுத்திச் சொல்லவேண்டியிருந்தது. துத்தன்காமனின் பொன்முகமூடியிற் புருவமும் கண்வரையும் லாபிஸ். தலையணியின் நீலக்கோடுகளோ கண்ணாடி. அரசனுக்கே கலப்படம் என நகைப்பதற்கில்லை. சூளைக்காரனின் திறன் மலைவெட்டியின் திறனுக்குக் குறைந்ததன்று. போலி என்ற சொல் விலையைப் பேசுகிறதே ஒழிய உழைப்பைப் பேசுவதில்லை.

இன்றைய சந்தையிற் சாயமூட்டிய ஹௌலைற்றும் ஜஸ்பரும் லாபிசாக விற்பனையாகின்றன. தரங்குறைந்த உண்மை லாபிசும் சாயமேற்றப்படுகிறது. நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் மறைவான ஓரிடத்தைத் துடைத்தால், சாயமாயின் பஞ்சு நீலமாகும்.

பேணல்

இனி, நம் காலத்து மனிதர் கையிலுள்ள நீலமணிக் காப்பு. மேற்கூறிய கல்லியல்பிலிருந்தே அதன் பேணல்முறை பிறக்கிறது. மோசின் கடினவளவையில் லாபிஸ் 5 முதல் 5.5 வரையே நிற்கிறது, குவார்ட்சு 7. வீட்டுத் தூசியிலும் மணலிலும் குவார்ட்சுத் துகள் உண்டு. ஆகவே தூசி படிந்த மணியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது அதனைக் கீறுவதற்கொப்பாகும். ஈரமான மென்துணியால் ஒற்றி எடுத்து உடனே ஈரம் நீக்கல் வேண்டும். நீரில் ஊறவிடலாகாது, ஈரத்திலிருந்தால் பைரைற்று நாளடைவிற் பழுத்துக் கபில நிறக் கறையாகும். எலுமிச்சைச் சாறும் வினாகிரியும் கல்சைற்றைக் கரைப்பன. வன்மையான அமிலம் லசூரைற்றையே சிதைத்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை வெளிவிடும், நிறம் போய்விடும். பொன்னைப் பளபளப்பாக்க நம் வீடுகளிற் புளி தேய்ப்பதுண்டு. இக்கல் உள்ள நகைக்கு அது ஆகாது. வியர்வை, வாசனைத் தைலம், சவர்க்காரம் ஆகியவையும் மெருகை மங்கச் செய்வன. ஒலியதிர்வுக் கருவியிலோ நீராவியிலோ சுத்தஞ்செய்தல் தகாது. வயிரமும் இந்திரநீலமும் உள்ள பேழையில் இதனைக் கலந்து வைத்தல் கூடாது. அவை இதனைக் கீறும்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டுவது நூலுக்கு. துளையின் விளிம்பு கூராக இருந்தால் நூலை அது அரம்போல் அறுக்கும். வியர்வை உறிஞ்சிய பருத்தி உள்ளேயே இற்றுப்போகும், வெளியே தெரியாது. மணிகளுக்கிடையே வெண்ணூல் தெரியத் தொடங்கினால் இழை தளர்ந்துவிட்டது என்பது பொருள். ஒவ்வொரு மணிக்கும் இடையே முடிச்சிட்டுப் பட்டிழையிற் கோப்பது பழைய முறை. அறுந்தாலும் ஒரு மணியே விழும். அவிழ்க்குமுன் மணிகளின் ஒழுங்கைத் தாளில் வரைந்து, துணியின் மடிப்பில் அதே வரிசையில் அடுக்குதல் நன்று. பாட்டியின் காப்பாயின், அது எவர் கையிலிருந்தது, எங்கு வாங்கியது, எப்போது மறுபடி கோத்தது என்பதையும் அத்தாளிலேயே எழுதிவைக்கவேண்டும் என்பது நம் பரிந்துரை. நகைக்கடைக்காரர் இதனைச் சொல்லமாட்டார். அரும்பொருளகங்கள் காலந்தாழ்த்திக் கற்ற பாடம் இது.

படக்ஷான் மலையில் வெட்டு இன்றுவரை நின்றபாடில்லை. தீமூட்டிய இடத்தில் வெடிமருந்து வந்தது. குளோபல் விற்னஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கை, அச்சுரங்கங்களின் வருவாய்க்காக ஆயுதக்குழுக்களும் அரசியற் செல்வாக்குள்ளோரும் மோதியதையும், தலிபான்களுக்கும் அதிற் பங்கு சென்றதையும் ஆவணப்படுத்தியது. கையிலணிந்த மணியின் துளைக்குள் இவையெல்லாம் தெரிவதில்லை.

அபைடொசில் அந்தக் கையைக் கண்டெடுத்த நால்வரின் பெயர்கள், கடகங்களை விவரிக்கும் பீற்றியின் அச்சிட்ட அறிக்கைப் பகுதியில் இல்லை. சாட்சியாக அமர்ந்தவரும் அங்கே அவர்களுட் கூர்மையானவர் என்று மட்டுமே சுட்டப்படுகிறார். ஆனால் பீற்றி தம் அகழ்வுக் குறிப்பேடுகளிற் கூலிக்கணக்கு எழுதிவைக்கும் வழக்கமுடையவர். லண்டனிலுள்ள அக்குறிப்பேடுகளைத் துருவி, அவருக்காக உழைத்த எகிப்தியத் தொழிலாளரின் பெயர்ப்பட்டியல்களை ஸ்டீபன் குவர்க் 2010இல் நூலாக வெளியிட்டார். நகைகளைத் தேடி அல்லாமல் ஆட்களைத் தேடி அக்கூலிக்கணக்குகளைப் படிக்கும் பணி இவ்வாறு தொடங்கியிருக்கிறது.